புத்ருஸ் படமும் "காந்தி எங்கே?" என்ற கேள்வியும்

கேள்வி: 2025 ஜூன் 14

"இஸ்ரேல், பாலஸ்தீன் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. எழுபத்தைந்து வருஷமாகக் கல்லும் குண்டும்தான். அங்கே ஒரு காந்தி பிறந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து அகிம்சையாக எதையாவது செய்து, அது பலித்ததாக ஒரு உதாரணமாவது யாராவது காட்ட முடியுமா?"

ஜூன் 14, இரவு

காட்ட முடியும். 'புத்ருஸ்' என்று ஓர் ஆவணப்படம், 2009இல் வந்தது. இயக்கியவர் ஜூலியா பாஷா, பிரேசில்காரர். ஜஸ்ட் விஷன் என்ற குழுவின் தயாரிப்பு. புத்ருஸ் பாலஸ்தீனர் வாழும் மேற்குக் கரையின் ஓரத்தில், அதை இஸ்ரேலிலிருந்து பிரிக்கும் 'பச்சைக்கோடு' என்ற எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். சுமார் 1,500 பேர். 2003 கடைசியில் இஸ்ரேலின் தடுப்புச் சுவர் ஊர் நிலத்துக்குள் வர இருந்தது. வந்திருந்தால் சுமார் 300 ஏக்கரும் 3,000 ஒலிவ மரங்களும் போயிருக்கும். ஆயித் மொரார் என்பவர் ஊரைத் திரட்டினார். ஃபத்தா, ஹமாஸ் என்று எதிரெதிர் பாலஸ்தீனக் கட்சிக்காரர்கள் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். இஸ்ரேலிலிருந்து யூதர்கள் வந்து அவர்களோடு நின்றார்கள். பத்து மாதம் போராடினார்கள். சுவர் நின்றுபோனது. முதலில் பாருங்கள், பிறகு பேசலாம்.

ஜூன் 15, காலை

நேற்று கோபத்தில் எழுதியதில் இரண்டு தவறு.

சுவர் நிற்கவில்லை, நகர்ந்தது. பாதையைப் பச்சைக்கோட்டுப் பக்கமாகத் தள்ளிப் போட்டார்கள். ஊர் நிலத்தில் 95 சதவீதம் தப்பியது. தடுப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, சுவர் என்று எழுதியது. எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் எல்லாம் பெரும்பாலும் நகரங்களை ஒட்டிய இடங்களில்தான். புத்ருஸ் போன்ற ஊர்ப்புறங்களில் அது கம்பிவேலி, பள்ளம், ரோந்துப் பாதை, மணல் பாதை எல்லாம் சேர்ந்த ஒரு பட்டை. 'வேலிதானே' என்று நினைத்துவிடாதீர்கள். சுவருக்குக் குறைந்த இடம் போதும். வேலிக்கு ஐம்பது, அறுபது மீட்டர் அகலம் வேண்டும், அந்த அகலத்தில் நிற்கிற மரம் எல்லாவற்றையும் பிடுங்கியாக வேண்டும். தோப்புக்குச் சுவரைவிட வேலிதான் கெடுதல்.

ஜூன் 15, இரவு

இன்று மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை அம்மாவோடு. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. திரையில் ஓடும் வரிகளை நான் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எழுபது சொச்சம் நிமிஷப் படம், நடுவில் நிறுத்தி நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

புல்டோசர் முதல் மரத்தைத் தூக்குகிற இடத்தில் அம்மா கேட்டது: "அந்த மரத்துக்கு எத்தனை வயசுடி இருக்கும்?" பல முறை பார்த்த படம், எனக்கு இது தோன்றியதே இல்லை. ஒலிவ மரம் நூறு வருஷம் சர்வசாதாரணமாக நிற்கும், அதற்கு மேலும் நிற்கும் என்றேன். "அப்ப வச்சவன் செத்திருப்பான். பறிக்கிறவன் அவன் பேரன்" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆயித்தின் மகள் இல்திஸாம், அப்போது 15 வயது. ஊர்வலத்தில் ஆண்கள் மட்டும் போகிறார்களே, பெண்கள் ஏன் இல்லை என்று அப்பாவிடம் கேட்கிறாள். அதற்கப்புறம் பெண்கள் வருகிறார்கள். ஒருநாள் சிப்பாய்களின் வரிசையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்கள். புல்டோசர் தோண்டிய குழிக்குள் இல்திஸாம் குதித்துவிடுகிறாள். வண்டி பின்வாங்குகிறது. இல்திஸாம் என்ற அரபுப் பெயருக்கே கடப்பாடு என்றுதான் பொருள்.

அம்மாவுக்குப் பிடித்தது அவள் இல்லை. எதிர்ப்பக்கத்துப் பெண். யாஸ்மின் லெவி, இஸ்ரேலிய எல்லைக் காவல் படையில் ஒரு குழுவுக்குத் தலைவி. ஊர்ப் பெண்களுக்கு அவள் பெயர் தெரிந்துவிடுகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யாஸ்மின் அரபிலும் பெண் பெயர்தான், அவர்களுக்குப் புதிதில்லை. "மல்லிகைன்னு பேரு வச்சுக்கிட்டு லத்தியோட நிக்குது பாரு" என்றார் அம்மா. படம் எடுத்தவர்கள் அவளையும் உட்கார வைத்துப் பேசவிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்களை நேருக்கு நேர் தள்ளுவது எப்படி இருந்தது என்று அவளே சொல்கிறாள். ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் படமாக இது ஆகாமல் போனதற்கு அந்தப் பேட்டி முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 18

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: "இஸ்ரேலியர்கள் நாலு பேர் வந்து நின்றால் என்ன மாறிவிடும்?"

நிறைய மாறியது, அதுவும் மனம் கசக்கும்படி. புத்ருஸ் போராட்டம் சூடுபிடித்த அதே நாட்களில், 2003 டிசம்பரில், மஸ்ஹா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் வேலியை அசைத்த கூட்டத்தின்மேல் சிப்பாய்கள் சுட்டார்கள். அடிபட்டவர்களில் ஓர் இஸ்ரேலிய இளைஞன் இருந்தான், ராணுவச் சேவையை அப்போதுதான் முடித்தவன். இஸ்ரேல் முழுக்கப் பெரிய சர்ச்சை ஆனது. பாலஸ்தீனர் சுடப்பட்டால் அந்தச் சத்தம் எழுவதில்லை. கூட்டத்தில் இஸ்ரேலியர் இருந்தால் சிப்பாய் விசையில் கைவைக்கக் கொஞ்சம் யோசிப்பான். கூட வந்தவர்களுக்கும் இது தெரியும். படத்தில் வரும் கோபி ஸ்னிட்ஸ் போன்றவர்கள் தலைமை தாங்க வரவில்லை. தங்கள் உடம்புக்கு இருக்கும் அந்தக் கூடுதல் மதிப்பை ஊர்க்காரர்களுக்குக் கடனாகத் தரத்தான் வந்தார்கள். முன்னால் நடந்தது ஊர்தான்.

இன்னொன்று. இஸ்ரேலியர் என்றாலே சிப்பாய் அல்லது குடியேறி (மேற்குக் கரை நிலத்தில் வந்து குடியமர்ந்த இஸ்ரேலியர்) என்றுதான் அந்த ஊர்ச் சிறுவர்கள் பார்த்திருந்தார்கள். தங்களோடு கண்ணீர்ப்புகை வாங்குகிற இஸ்ரேலியரை அப்போதுதான் பார்க்கிறார்கள். அந்த வியப்பு சிறுவர்களுக்கு மட்டுமில்லை, படத்தில் பேசுகிற உள்ளூர் ஹமாஸ்காரருக்கும் இருக்கிறது.

ஜூன் 19

ராணுவச் செய்தித் தொடர்பாளரும் படத்தில் வருகிறார். தற்கொலைக் குண்டுவெடிப்பைத் தடுக்கத்தான் வேலி என்கிறார். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2002 மார்ச்சில் இஸ்ரேலின் நெதன்யா நகரில் யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்துக்கு உட்கார்ந்திருந்த 30 பேர் ஒரே குண்டில் செத்தார்கள். பேருந்தில் ஏறப் பயந்த காலம் அது. வேலி வேலை அந்த வருஷம்தான் தொடங்கியது. ஆனால் திட்டமிட்ட சுமார் 700 கிலோமீட்டரில் 85 சதவீதம் மேற்குக் கரைக்குள்ளேயே போகிறது. 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் 14க்கு 1 என்ற கணக்கில் இது சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. புத்ருஸ்காரர்கள் கேட்டது எளிய விஷயம்: பயமாக இருந்தால் உங்கள் எல்லையில் போட்டுக்கொள்ளுங்கள், எங்கள் தோப்பில் எதற்கு?

ஜூன் 22

காந்தி விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் இன்னும் அதையேதான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

காந்தியே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், 1938 நவம்பர், ஹரிஜன் பத்திரிகை. இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு எப்படியோ அப்படித்தான் பாலஸ்தீனம் அரபியருக்கு என்றார். அரபியரும் அகிம்சை வழியைத் தேர்ந்திருக்கலாமே என்று வருத்தப்பட்டார். அதே கட்டுரையில் ஜெர்மனியிலிருந்த யூதர்களுக்கு சத்தியாகிரகத்தைச் சொன்னார். ஹிட்லரின் எதிரே! யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் 1939இல் அவருக்கு நீண்ட பதில் எழுதினார். அதைப் படித்தபோது எனக்குப் பூபர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. காந்தியை நான் நேசிக்கிறேன். அதற்காக அந்த யோசனையை ஏற்றுக்கொள்ள முடியாது.

"அங்கே ஒரு காந்தி பிறந்திருந்தால்" என்பதற்கு என் பதில் முபாரக் அவத் என்ற பாலஸ்தீனர். 1980களில் ஜெருசலேமில் வன்முறையற்ற போராட்டத்துக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். ஒலிவக் கன்று நடுவது, வரி கொடுக்காமல் இருப்பது, பொருள்களைப் புறக்கணிப்பது என்று ஊர் ஊராகச் சொன்னார். 1988 ஜூனில் இஸ்ரேல் அவரை நாடு கடத்தியது. விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர் குண்டு வைத்தவர் இல்லை.

அடுத்த வருஷம் பெத்லகேமுக்குப் பக்கத்தில் பெய்த் சாஹூர் ஊர் வரி கொடுக்க மறுத்தது. ராணுவம் ஊரை ஆறு வாரம் முற்றுகையிட்டு, வீடு வீடாகப் புகுந்து சாமான்களை அள்ளிக்கொண்டு போனது. அதே ஊர்க்காரர்கள் இஸ்ரேலியப் பாலை வாங்க மாட்டோம் என்று 18 பசுக்கள் வாங்கி வளர்த்தார்கள். அந்தப் பசுக்களைப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று சொல்லி ராணுவம் தேடியது. ஊர் ஒளித்து வைத்தது. இதுவும் படமாக வந்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "பசுவை எங்கடி ஒளிப்பாங்க? கறவை நேரத்துக்குக் கத்துமே!"

ஜூன் 22, பிறகு

சேர்க்க மறந்தது: 'புத்ருஸ்' இயக்குநர் பாஷா தம் உரைகளில் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான். அங்கே வன்முறையற்ற போராட்டத்துக்குப் பஞ்சமில்லை, பார்ப்பவர்களுக்குத்தான் பஞ்சம் என்கிறார். புத்ருஸ் நடந்த பத்து மாதத்தில் நம் பத்திரிகைகளில் அதைப் படித்ததாக உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. அதே மாதங்களில் வெடித்த குண்டுகள் எல்லாம் நினைவிருக்கின்றன.

ஜூலை 3

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன்.

2013 பிப்ரவரி கடைசியில் ஒரு கல்லூரியில் இந்தப் படத்தைத் திரையிட்டேன். நானும் இரண்டு நண்பர்களும். ஒரு மடிக்கணினி, ஒளிவீழ்த்தி, நாற்பது மாணவர்கள், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கேட்காத ஒலிபெருக்கி. வேலியின் பாதை மாறியது என்று திரையில் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது. விளக்கைப் போட்டதும் எழுந்து ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்: பாருங்கள், பொறுமையாக, கையில் ஆயுதமில்லாமல் நின்றால் இப்படித்தான் முடியும், ஒருவர் உயிரும் போகாமல் ஓர் ஊர் ஜெயித்தது. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சில வருஷம் கழித்து, வேறு எதற்கோ புத்ருஸ் என்று தேடியபோது பெத்செலெம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பின் பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. 2013 ஜனவரி 15. புத்ருஸில், அதே வேலிக்குப் பக்கத்தில், 16 வயதுப் பள்ளிப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். அன்று காலையில்தான் பரீட்சை எழுதியிருந்தான். கையில் ஆயுதம் இல்லை. ஓடும்போது பின்னாலிருந்து குண்டு பாய்ந்தது. பிறகு சிப்பாய்கள்மேல் கொலைக் குற்றச்சாட்டு வரவில்லை. துப்பாக்கியைக் கவனக்குறைவாகக் கையாண்டதாக ஒரு வழக்கு வந்தது. அதுவும் 2018இல் கைவிடப்பட்டது.

நாங்கள் கைதட்டிய அன்று அவன் செத்து ஆறு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. படத்தில் பெரியவர்களின் காலுக்கிடையே ஓடுகிற பொடியன்களில் அவனும் இருந்தானோ என்று அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் முகம் முகமாகப் பார்க்கிறேன். 2004இல் அவனுக்கு ஏழு வயது இருந்திருக்கும்.

அந்த நாற்பது பேரில் ஒருவருக்காவது இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முகவரி எதுவும் வைத்திருக்கவில்லை. உங்களில் யாராவது அந்த அறையில் இருந்தீர்களா? ஒருவர் உயிரும் போகாமல் என்று நான் சொன்னது தப்பு. படம் அப்படி ஓரிடத்திலும் சொல்லவில்லை. கல்லெறியும் பதிலுக்குத் துப்பாக்கிச் சத்தமும் அதிலேயே இருக்கின்றன. நான்தான் எனக்கு வேண்டிய முடிவைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்.

ஜூலை 4

இல்லை, "அப்படியானால் அகிம்சை தோற்றது" என்று நான் சொல்லவில்லை. நேற்றைய குறிப்பை அப்படிப் படித்த இருவருக்கும்: அந்த 3,000 மரத்தில் பெரும்பாலானவை நிற்கின்றன. ஒவ்வோர் அக்டோபரிலும் காய் பறிக்கிறார்கள். பையன் செத்தான். இரண்டையும் ஒரே ஊரின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஜூலை 6

பக்கத்து ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். புத்ருஸைப் பார்த்து பிலின் என்ற கிராமம் 2005 முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊர்வலம் போனது. 2007 செப்டம்பரில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றமே வேலிப் பாதையை மாற்றச் சொன்னது. மாற்றி முடிக்க 2011 ஆனது. நடுவில் 2009 ஏப்ரலில் பாசிம் அபு ரஹ்மா நெஞ்சில் கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு இறந்தார். 2011 புத்தாண்டு அன்று, முந்தைய நாள் கண்ணீர்ப்புகையைச் சுவாசித்த அவர் சகோதரி ஜவாஹிர் இறந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர். அந்த ஊரின் இமாத் புர்னாத் தன் கேமராவில் எல்லாம் பதிவு செய்தார். ஒன்று உடைந்தால் அடுத்தது, இப்படி ஐந்து. இஸ்ரேலியர் கை டேவிடியோடு சேர்ந்து அதைப் படமாக்கினார், 2013இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் என்னைப்போலக் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

ஜூலை 20

ஒரு தம்பி தனிச்செய்தியில் கேட்டார்: "அக்கா, போராட்டம் சரி. சமாதான வேலை எங்கே? இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுகிற வேலை?"

இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமும் மரியாதையும் சேர்ந்தே இருக்கின்றன.

ஜஸ்ட் விஷன் குழுவே புத்ருஸுக்கு முன்பு, 2006இல், பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் இழந்தவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் ராபி டாமெலின் என்ற இஸ்ரேலிய அம்மா வருகிறார். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். மகன் டேவிட் தத்துவம் படித்த மாணவன். 2002 மார்ச்சில் ராணுவச் சேவைக்குப் போய்ச் சோதனைச் சாவடியில் காவல் நிற்கும்போது பாலஸ்தீனர் ஒருவர் மறைந்திருந்து சுட்டதில் இறந்தான். செய்தி சொல்ல வந்த ராணுவத்தாரிடம், என் பிள்ளை பெயரைச் சொல்லி யாரையும் கொல்லாதீர்கள் என்றார். சுட்டவர் பிடிபட்ட பிறகு அவருடைய பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். வருஷக்கணக்கில் பதில் இல்லை. கடைசியில் சுட்டவரிடமிருந்தே வந்த பதிலில் அன்பு இல்லை. அதற்கப்புறமும் அந்த அம்மா வேலையை விடவில்லை.

அதே படத்தில் அலி அபு அவ்வாத் என்ற பாலஸ்தீனரும் வருகிறார். சிறையில் இருந்தபோது, இன்னொரு சிறையில் இருந்த தன் அம்மாவைப் பார்க்க விடும்படி 17 நாள் உண்ணாவிரதம் இருந்து ஜெயித்தவர். 2000இல் அவர் அண்ணன் யூசுஃபை ஒரு சிப்பாய் சுட்டுக் கொன்றான். அதன்பின், பிள்ளைகளை இழந்த இஸ்ரேலியர்கள் சிலர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். யூதர் ஒருவர் அழுவதை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். 2023க்கான இந்திரா காந்தி அமைதிப் பரிசு அவருக்கும் இசைக்கலைஞர் டேனியல் பாரென்பாய்முக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது. நம் நாட்டுப் பரிசு, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இருவரும் இருந்த அமைப்பு பெற்றோர் வட்டம். மகன் அரிக்கை 1994இல் ஹமாஸிடம் பறிகொடுத்த இட்ஸாக் ஃப்ராங்கெந்தால் தொடங்கியது. இன்று இரண்டு பக்கத்திலும் 600க்கு மேற்பட்ட குடும்பங்கள்.

சந்தேகம் எங்கே என்றால், கூட்டம் முடிந்ததும் இஸ்ரேலிய அம்மா காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பாலஸ்தீன அம்மா அந்தக் கூட்டத்துக்கு வரவே ராணுவத்திடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், திரும்ப அதே சாவடியில் நிற்க வேண்டும். இருவரும் சமமாக அழுகிறார்கள். வெளியே வந்தால் சமம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவர்கள் சேர்ந்து நடத்தும் நினைவு நாளுக்கு 2018இலும் 2019இலும் பாலஸ்தீனர் வர அரசு தடை போட்டது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் திறக்க வேண்டியிருந்தது. இந்த வருஷம் ஏப்ரலில் ரானானா நகரில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில் அந்த நிகழ்ச்சியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒரு கும்பல் தாக்கியது. இப்படிப்பட்ட சந்திப்புகள் ஆக்கிரமிப்பை இயல்பானதாக்கிவிடுகின்றன என்று பாலஸ்தீனர் பலர் சொல்வதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. ஆனால் 'வெறும் அழுகைக் கூட்டம்' என்று சொல்கிறவர்களிடம் கேட்கிறேன்: வெறும் அழுகைக்கு எதற்கு இவ்வளவு தடை?

ஜூலை 21

விவியன் சில்வரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேற்று எழுதியது அரைகுறை. கனடாவில் பிறந்தவர், காசா எல்லையை ஒட்டிய பெயெரி என்ற கிபுட்ஸில் (கூட்டுவாழ்வுக் கிராமத்தில்) வாழ்ந்தவர். 2014 போருக்குப் பிறகு பெண்கள் சேர்ந்து தொடங்கிய அமைதி இயக்கத்தில் முன்னணியில் இருந்தவர். காசா நோயாளிகளைச் சாவடியிலிருந்து இஸ்ரேலிய மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோய் விட்டவர். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 74 வயது. கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்றே பல வாரம் நினைத்திருந்தார்கள். அவர் மகன் அதற்கப்புறம் அமைதி வேலைக்கு வந்துவிட்டார். பழிவாங்குங்கள் என்று கேட்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்ட் 1

ஜூலை 28 அன்று அவ்தா ஹதாலீன் கொல்லப்பட்டார். ஹெப்ரோனுக்குத் தெற்கே உம் அல்-கைர் கிராமத்து ஆங்கில ஆசிரியர், 31 வயது, மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. இந்த வருஷம் மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியதே, அந்த மசாஃபிர் யத்தா பகுதியில் பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்த ஆவணப்படம், அதற்கு உதவியவர். குடியேறி ஒருவர் துப்பாக்கியால் சுடுவது வீடியோவில் தெரிகிறது. அதே வாரம் காசாவில் இறந்தோர் 60,000ஐத் தாண்டிவிட்டதாக அங்கத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது.

இரண்டு நாளாக எதுவும் எழுத வரவில்லை. கேள்வி கேட்டவர் "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவர் குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். இன்று என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 8

அவ்தாவின் உடலை அதிகாரிகள் தரவில்லை. அடக்கத்துக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்றெல்லாம் நிபந்தனை போட்டார்கள். ஊர்ப் பெண்கள் அறுபது பேருக்கு மேல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சுமார் ஒரு வாரம் சாப்பிடவில்லை. நேற்று உடலைக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பொணத்தைக் கேட்டா பட்டினி கெடந்தாங்க?" என்று கேட்டுவிட்டுக் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

ஆகஸ்ட் 13

அவ்தா கடைசியாகத் தன் கையிலேயே படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். தன்னைச் சுடுவதை அவரே பதிவு செய்திருக்கிறார். பெத்செலெம் அந்தக் காட்சியை வெளியிட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன். ஜூலை 6 குறிப்பில் ஐந்து கேமராக்களைப் பற்றி ஏதோ வீரக்கதை மாதிரி எழுதியிருக்கிறேன். இப்போது படிக்கத் தாங்கவில்லை. அழிக்காமல் விடுகிறேன்.

ஆகஸ்ட் 24

வேறு விஷயம். அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்த வரிகளை எல்லாம் எழுதி வைத்தேன். அதைத் திருத்தி, படத்துக்குத் தமிழ் வசன வரிகளாகச் செய்துகொண்டிருக்கிறேன், எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேருக்கு வீட்டிலேயே போட்டுக் காட்ட. ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் வரும் சொல்லுக்கு நேராக 'அகிம்சை' என்று போட்டிருந்தேன். நம் காதுக்கு உடனே பழகும். ஆனால் பாலஸ்தீனர்கள் தங்கள் போராட்டத்துக்கு வழக்கமாகச் சொல்வது 'முகாவமா ஷஅபிய்யா', மக்கள் எதிர்ப்பு. அகிம்சை என்றவுடன் நமக்கு ஒரு கிழவர், ஒரு கைத்தடி, ஒரு தவம் நினைவுக்கு வருகிறது. அடி வாங்குகிறவனிடம் 'நீ மகாத்மாவாக இருந்தால் உன் பக்கம் நிற்கிறேன்' என்று நிபந்தனை போடுவதுபோல ஆகிவிடுகிறது. முதல் நாள் கேள்வியிலும் அதுதான் இருந்தது. என் 2013 சொற்பொழிவிலும் அதுதான் இருந்தது. புத்ருஸ்காரர்கள் மகான்களாக ஆசைப்படவில்லை. தோப்பு வேண்டும் என்றார்கள். ஆயுதம் எடுத்தால் தோப்பும் போகும், பிள்ளைகளும் போவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, எல்லாரையும், ஹமாஸ்காரரையும் பள்ளிக்கூடத்துப் பெண்ணையும் டெல் அவிவிலிருந்து வந்தவரையும், ஒன்றாக நிறுத்தினார்கள். பத்து மாதம் அப்படி நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய வேலை! எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் குழாய்க்கு மனுப்போட எட்டு வீட்டுக் கையெழுத்து வாங்கவே எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

அகிம்சையை எடுத்துவிட்டேன். ஆயித் பேசும் இடங்களில் 'மக்கள் போராட்டம்'. ஓரிடத்தில் மட்டும் 'கையில் ஆயுதமில்லாமல்'.

ஆகஸ்ட் 25

"உங்கள் ஊரிலும் சாலைக்கு நிலம் எடுத்தார்களே, அதோடு ஒப்பிட்டு எழுதலாமே" என்று ஒருவர். அம்மா பிறந்த வீட்டுப் புளியமரத்தில் ஓர் அலுவலகத்து ஆட்கள் சுண்ணாம்பால் எண் எழுதிவிட்டுப் போனதையும், அம்மா ராத்திரி அதைத் தண்ணீர் விட்டுக் கழுவியதையும் முன்பு ஒருமுறை எழுதியிருந்தேன், அதை வைத்துக் கேட்கிறார். ஒப்பிட மாட்டேன். அம்மாவே சொல்லிவிட்டார்: "நமக்குப் பணம் குடுத்தாங்க, லேட்டாக் குடுத்தாலும் குடுத்தாங்க. யாரும் துப்பாக்கி நீட்டலை. அதுவும் இதுவும் ஒண்ணுன்னு சொல்லாதே."

செப்டம்பர் 7

நேற்று போட்டோம். பதினேழு பேர் வந்தார்கள், மூன்று பேர் கைக்குழந்தையோடு. நடுவில் மின்சாரம் போய் இருபது நிமிஷம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் கைதட்டல் இல்லை. நான் எழுந்து 2013 ஜனவரியைச் சொன்னேன், பையனின் வயதைச் சொன்னேன், பரீட்சையைச் சொன்னேன். பின்வரிசையில் ஓர் அம்மா, "அவன் பரீட்சைல பாஸாயிட்டானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொருவர் கேட்டது எண்ணெய் விலை. ஒலிவக் காயை எப்போது பறிப்பார்கள், எப்படிப் பிழிவார்கள், ஒரு மரம் எவ்வளவு தரும் என்று அரைமணி நேரம் போனது. அக்டோபரில் பறிப்பார்கள், ஊருக்குச் செக்கு மாதிரி ஓர் ஆலை இருக்கும், ஒரு வருஷம் நன்றாகக் காய்த்தால் மறு வருஷம் குறையும் என்று தெரிந்தவரை சொன்னேன். குடியேறிகள் பறிக்கவிடாமல் விரட்டுகிற ஊர்களில் இஸ்ரேலியர்கள் கூடப் போய் நின்று பறிக்க உதவுகிறார்கள், மனித உரிமைக்கான ரபிமார்கள் என்ற அமைப்பு வருஷா வருஷம் ஆள் திரட்டிக் கொண்டுபோகிறது என்றும் சொன்னேன். "போலீஸா?" என்றார்கள். இல்லை, ரபிமார்கள், நம் ஊர்க் குருக்கள் மாதிரி என்றேன். குருக்கள் மரமேறிக் காய் பறிப்பதை நினைத்து எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

கேள்வி கேட்டவருக்கு: வசன வரிக் கோப்பைக் கேட்டிருந்தீர்கள், அனுப்பிவிட்டேன். பிழை இருந்தால் நேரத்தைக் குறித்து எழுதுங்கள், திருத்துகிறேன். யாஸ்மின் பேசும் இடத்தில் இரண்டு வரி இன்னும் சரியாக உட்காரவில்லை.